பொற்பாத்திரங்களை உருக்கிய ஆயர்கள்

பூசைக்கு உதவி செய்யும் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, கோவிலிலுள்ள பொருட்களுள் எதனை நீ கைபடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், திருக்கிண்ணத்தை என்று தயங்காமற் சொல்லுவான். நம் பெற்றோரும் நமக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். குருவின் கைகளிலே உயர்த்திக் காட்டப்படும் அந்தப் பாத்திரத்தைத் தட்டாரின் தராசில் வைக்கும் பொன்னாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் பழைய திருச்சபையின் ஆயர்கள் சிலர் அந்தக் கிண்ணங்களையே உடைத்து, நெருப்பிலிட்டு உருக்கி, பணமாக்கினார்கள். களவெடுத்தவர்களல்லர், விசுவாசம் குன்றியவர்களுமல்லர். அவர்களுள் இருவரைத் திருச்சபை மறைவல்லுநர் என்று போற்றுகின்றது. அவர்களை இந்தச் செயலுக்குத் தூண்டியது போர். இன்னும் சரியாகச் சொன்னால், போர் முடிந்தபின் வந்த சந்தை.

போருக்குப் பின்னே வந்த சந்தை

உரோமைப் பேரரசின் பிற்காலத்துப் போர்களைப் பற்றி வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் போர்க்களத்தோடு நின்றுவிடுகின்றோம். எந்த அரசன் வென்றான், எத்தனை பேர் மாண்டார்கள் என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகின்றோம். ஆனால் படையின் பின்னே அடிமை வணிகர் வந்தார்கள். பிடிபட்ட ஆண், பெண், குழந்தை எல்லோரும் கொள்ளைப் பொருள். போர்வீரனுக்கு அதுவும் ஒரு கூலி. உரோமர் மாத்திரம் இதற்கு விலக்கானவர்களல்லர். கி.பி. 406இல் இத்தாலிக்குள் புகுந்த றாதகைஸ் என்ற கோத்தியத் தலைவனின் படையை உரோமர் முறியடித்தபோது, பிடிபட்டோர் தொகை மிகுந்து, மலிந்த ஆடுமாடுகளைப்போல் ஆளுக்கொரு பொற்காசுக்கு விற்கப்பட்டார்கள் என்று ஒரோசியுஸ் என்னும் குரு எழுதி வைத்துள்ளார்.

பகைவரிடம் பிடிபட்ட உரோமைக் குடிமகனின் நிலையோ இரங்கத்தக்கது. சட்டத்தின் கண்ணில் அவன் அடிமை. குடியுரிமை நின்றுவிடும், பிள்ளைகள் மீதுள்ள உரிமை நின்றுவிடும், திருமணமும் முறிந்துவிடும். திரும்பி வந்தால் உரிமைகள் பலவற்றை மீண்டும் பெறலாம். ஆனால் வேறொருவர் பணம் கொடுத்து மீட்டிருந்தால், அந்தப் பணத்தைத் தீர்க்கும்வரை மீட்டவருக்குக் கட்டுப்பட்டே இருக்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசன் ஹொனோரியுஸ் இதற்கு ஓர் எல்லை வைத்தான்: பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் ஐந்து ஆண்டுகள் உழைத்துத் தீர்த்துவிடு. அந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கின்றதா என்று பார்க்கும் பொறுப்பினை அயலூர்களிலுள்ள கிறிஸ்தவர்களிடம் அவன் ஒப்படைத்தான். அரசன் தேடியபோது இந்த வேலைக்குப் பழகிய கைகள் அங்கேதான் இருந்தன.

பழகிய கைகள் என்றேன். அந்தப் பழக்கம் வேதகலாபனைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஏறத்தாழ கி.பி. 253இல் வட ஆபிரிக்காவின் நுமீதியாப் பகுதியில் நாட்டுப்புறக் குடிகள் புகுந்து கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சென்றனர். அப்பகுதி ஆயர்கள் கார்த்தேஜ் நகரத்து ஆயர் புனித சிப்பிரியானுக்கு எழுதினர். அவர் தம் குருக்களிடமும் மக்களிடமும் சேர்த்து ஒரு லட்சம் செஸ்தர்ஸ் பணம் அனுப்பினார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, சிறைப்பட்ட சகோதரனிலே கிறிஸ்துவையே காண வேண்டும் என்று எழுதினார். பணம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் கூட வைத்தார். பலிபூசையிலே அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக. சபையே சட்டத்துக்குப் புறம்பானதாயிருந்த காலத்தில் நடந்த காரியம் இது.

அதிரியானோப்பிள்

கி.பி. 376இல் ஹூணருக்கு அஞ்சி ஓடிவந்த கோத்திய மக்கள் டானியூப் நதிக்கரையில் நின்று புகலிடம் கேட்டனர். பேரரசன் வாலென்ஸ் அனுமதித்தான். அவர்களைப் பராமரிக்க வேண்டிய உரோமை அதிகாரிகள் உணவைப் பதுக்கினர். பசியால் வாடியவர்களுக்கு நாய்களைக் கொடுத்து, ஒரு நாய்க்கு ஓர் அடிமை என்று அவர்களுடைய பிள்ளைகளை வாங்கினர். இதனை எழுதியவர் உரோமைப் படையிலேயே பணிபுரிந்த அம்மியானுஸ் என்னும் வரலாற்றாசிரியர். தலைவர்களின் பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை என்கின்றார். அகதிகள் கிளர்ந்தெழுந்ததில் வியப்பென்ன?

378 ஆகஸ்ட் 9ஆந் திகதி வாலென்ஸ், தன் சகோதரனின் மகன் கிராசியனுடைய படை வந்து சேரும்வரை பொறுத்திராமல் அதிரியானோப்பிள் நகரிலிருந்து புறப்பட்டான். கடும் வெயில். போர்வீரர் கவசத்தோடு நெடுந்தூரம் நடந்து, பசியோடும் தாகத்தோடும் பகைவர்முன் போய் நின்றனர். கோத்தியரோ வண்டிகளை வட்டமாய் நிறுத்தி அரணாக்கி, பேச்சுவார்த்தை என்று நேரத்தைக் கடத்தினர். அவர்களுடைய குதிரைப்படை திரும்பி வந்து பாய்ந்தபோது, உரோமைக் காலாட்படை வாளை ஓங்க இடமில்லாதபடி நெருக்குண்டது. மூன்றிலொரு பங்கினரே தப்பினர். பேரரசனின் உடல் கிடைக்கவேயில்லை.

வரலாற்று நூல்கள் இங்கே படைகளையும் அரசுரிமையையும் ஆராயத் தொடங்கிவிடும். நாம் கிராமங்களைப் பார்ப்போம். காவல் நீங்கிய திரேஸ், இல்லீரிக்கம் நாடுகளில் மக்கள் கூட்டங்கூட்டமாய்ப் பிடிபட்டுத் தொலைதூரச் சந்தைகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அந்தச் செய்தி வட இத்தாலியின் மிலான் நகருக்கும் எட்டியது.

அம்புறோசின் விடை

மிலான் ஆயர் புனித அம்புறோஸ் முன்னர் மாகாண ஆளுநராயிருந்தவர். 374இல் ஞானஸ்நானம் பெறாதவராயிருந்தபோதே மக்களால் ஆயராகத் தெரிந்துகொள்ளப்பட்டு, சில நாட்களுள் ஞானஸ்நானமும் ஆயர் பட்டமும் பெற்றவர். அவர் சிறைப்பட்டோரை மீட்கக் கோவிலின் பாத்திரங்களை உடைத்து உருக்கினார். உடனே கூக்குரல் எழுந்தது. முன்னணியில் நின்றோர் ஆரியுசின் பதிதத்தைப் பின்பற்றியவர்கள். ஆண்டவருடைய பாத்திரத்தில் கைவைத்துவிட்டான் என்றார்கள்.

சில ஆண்டுகளின் பின், குருக்களின் கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அவர் இதற்கு விடையிறுத்தார். அவரது வாதத்தை என் சொற்களிலே தருகின்றேன். திருச்சபையிடம் பொன் இருப்பது பூட்டிவைக்க அல்ல, தேவையில் உள்ளோர்க்குச் செலவிடவே. தீர்ப்பு நாளில் ஆண்டவர், இத்தனை பேர் சந்தையில் விற்கப்பட்டார்களே, இத்தனை பேர் மீட்கப்படாமல் வெட்டுண்டார்களே, ஏன் என்று கேட்டால், உமது ஆலயத்தின் அலங்காரம் குறைந்துவிடுமே என்று பயந்தேன் எனச் சொல்ல முடியுமா? உலோகப் பாத்திரங்களைவிட உயிருள்ள பாத்திரங்களைக் காப்பாற்றுவதல்லவா மேல்? தேவதிரவிய அனுமானங்கள் பொன்னால் வாங்கப்படுவனவல்ல. ஆதலால் அவற்றுக்குப் பொன் அவசியமுமில்லை. கிறிஸ்துவின் இரத்தத்தை ஏந்திய கிண்ணம் மனிதரின் மீட்புப் பணமாகும்போது, தான் ஏந்தியது எதுவோ அதனையே தானும் செய்கின்றது. உரோமைத் திருத்தொண்டர் புனித லோறன்ஸ், திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவா என்று கட்டளையிடப்பட்டபோது ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தியதையும் அவர் நினைவூட்டுகின்றார்.

இதே நூலில் அவர் எழுதிய நடைமுறை ஒழுங்குகளை நம்மில் பலர் அறியோம். முதலில் இன்னும் அர்ச்சிக்கப்படாத பாத்திரங்களை எடுக்க வேண்டும். அர்ச்சிக்கப்பட்டவற்றை எடுக்க நேர்ந்தால் கிண்ணத்தின் வடிவோடு அவை வெளியே போகக்கூடாது. கோவிலுக்குள்ளேயே உடைத்து உருக்கிவிட வேண்டும். விருந்து மண்டபத்தில் யாரோ ஒருவன் கையில் திருக்கிண்ணம் இருப்பதைவிட, உருத்தெரியாத பொன்கட்டி வெளியே போவது மேல். இந்த எச்சரிக்கை வீணானதன்று. அம்புறோசுக்கு முன்னரே யெருசலேம் ஆயர் புனித சிரில், பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு உணவு கொடுக்கக் கோவிற் பொருட்களை விற்றார் என்றும், ஒருவர் கோவிலுக்குக் காணிக்கையாய்க் கொடுத்த உடை பின்னர் ஒரு நாடகக்காரியின் மேனியிற் காணப்பட்டதென்றும், அதனையே சாட்டாக வைத்துப் பகைவர் அவரைப் பதவி நீக்கினர் என்றும் பழைய வரலாற்றாசிரியர் சொசொமேன் கூறுகின்றார்.

இக்கால ஆய்வாளர் சிலர் இன்னுமொன்றைச் சுட்டுகின்றனர். அம்புறோசுக்கு முன் மிலானில் ஆயராயிருந்த ஒக்சென்சியுஸ் ஆரியுசின் கட்சியைச் சேர்ந்தவர். உருக்கப்பட்ட பாத்திரங்கள் பலவும் அக்கட்சிக் குடும்பங்கள் கொடுத்தவையாயிருக்கலாம். கூக்குரலின் காரணமும் அதுவாயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இருக்கலாம். புனிதர்களும் மனிதர்தாம், மிலான் நகரிலே அரசியலும் இருந்தது. ஆனால் மீட்கப்பட்டுத் தாயிடம் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் பொன் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது பெரிதாகப் பட்டிருக்குமோ?

அம்புறோசின் கையால் ஞானஸ்நானம் பெற்ற புனித அகுஸ்தீனும், ஹிப்போ நகரத்து ஆயரானபின் அவ்வாறே பாத்திரங்களை உருக்குவித்தார். அவருடைய வரலாற்றை எழுதிய போசிடியுஸ், இது சிலருடைய மனதுக்கு ஒவ்வாது என்று அறிந்தே சொல்லுகின்றேன் என்ற கருத்துடன் இதனைக் குறிப்பிடுகின்றார். அகுஸ்தீனின் காலத்து ஹிப்போவைப் பற்றி, வியன்னாவில் யொகான்னஸ் டிவ்யாக் என்ற அறிஞர் 1981இல் வெளியிட்ட, அதுவரை அறியப்படாதிருந்த கடிதங்களால் புதிய செய்திகள் தெரியவந்தன. தம் நண்பர் அலிப்பியுசுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று, அடிமை வணிகரின் ஆட்கள் போர்வீரரைப்போல வேடமிட்டு, கூச்சலிட்டுக்கொண்டு கிராமங்களுக்குள் புகுந்து சுதந்திர மனிதரைப் பிடித்துக் கப்பலேற்றுவதைக் கூறுகின்றது. விசுவாசி ஒருவர் செய்தி கொண்டுவர, ஹிப்போச் சபையார் ஏறத்தாழ 120 பேரை வணிகரின் பிடியிலிருந்து விடுவித்தனர். அவர்களுள் ஒரு சிறுமியிடம் அகுஸ்தீன் தாமே விசாரித்தார். பெற்றோரும் சகோதரரும் பார்த்திருக்கவே வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவள் அவள். பெற்றோரே விற்றுவிட்ட பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு மேலில்லை என்றும் அவர் கணக்குச் சொல்லுகின்றார். அந்த வணிகருக்குப் பெரிய இடத்து ஆதரவு இருந்தது. விடுவிக்கப்பட்டோரைத் திருப்பிக் கேட்கவும் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அடிமை முறையே ஒழிய வேண்டும் என்று இந்த ஆயர்கள் சட்டம் கேட்கவில்லை. சுதந்திரமாய்ப் பிறந்தவன் அடிமையாவதே அவர்களை வருத்தியது. ஆயினும் அம்புறோசின் நாளில் இடறலாய்த் தோன்றிய செயலுக்கு 529இல் பேரரசன் ஜஸ்தீனியனின் சட்டம் இடங்கொடுத்தது. திருப்பாத்திரங்களை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாது என்று தடுத்த அச்சட்டம், சிறைப்பட்டோரை மீட்கும் தேவைக்கு மாத்திரம் கதவைத் திறந்து வைத்தது.

பகைவரை மீட்டவர்

இதுவரை சொன்னவை நம்மவரை மீட்ட கதைகள். அமீதா நகரத்து ஆயர் அகாசியுசின் கதை வேறு. அமீதா, தைகிரிஸ் நதிக்கரையில் உரோமைக்கும் பாரசீகத்துக்கும் நடுவே நின்ற எல்லை நகரம். இன்றைய துருக்கியின் டியார்பக்கிர்.

421இல் இரு பேரரசுகளுக்குமிடையே போர் மூண்டது. பாரசீகத்தில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டதும், தப்பி ஓடிவந்தோரைத் திருப்பி அனுப்ப உரோமர் மறுத்ததும் அதற்குக் காரணங்கள். ஆகவே இது வேதத்துக்கான போர் என்று எண்ணியோர் உரோமையிற் பலர். அந்தப் போரில் உரோமைப் படைகள் எல்லைப்புற நாடொன்றை அழித்து, 7,000 பாரசீகரைச் சிறைபிடித்தன. போர்வீரர் அவர்களை விடவும் இல்லை, உணவூட்டவும் இல்லை. அவர்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தனர்.

அகாசியுஸ் தம் குருக்களைக் கூட்டினார். நம் கடவுளுக்குத் தட்டும் வேண்டியதில்லை, கிண்ணமும் வேண்டியதில்லை. அவர் உண்பவரோ குடிப்பவரோ அல்லர் என்ற கருத்தில் பேசினார். விசுவாசிகளின் தாராளத்தால் கோவிலிலே பொன்னும் வெள்ளியும் நிறைய இருக்கின்றன. அவற்றால் இந்தச் சிறைப்பட்டோரை மீட்போம் என்றார். பாத்திரங்கள் உருக்கப்பட்டன. போர்வீரருக்கு மீட்புப் பணம் கொடுக்கப்பட்டது. 7,000 பேருக்கும் சில காலம் உணவு கொடுத்துத் தேற்றி, வழிச்செலவும் கொடுத்து, அவர்களுடைய அரசனிடமே அனுப்பி வைத்தார்கள்.

அவர்கள் யார்? சூரியனையும் தீயையும் வழிபட்டோரின் நாட்டவர். அவர்களுடைய அரசன் பஹ்ராமின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். அமீதாவின் விசுவாசிகளுள் சிலராவது, நம் வேதசாட்சிகளின் இரத்தம் காயுமுன் நம் காணிக்கைப் பொன்னை இவர்களுக்கா கொடுப்பது என்று முணுமுணுத்திருப்பார்கள் என்று எண்ணுகின்றேன். ஏடுகளில் அந்த முணுமுணுப்பு இல்லை. இச்சம்பவத்தை எழுதிய வரலாற்றாசிரியர் சோக்கிராத்தேஸ், பாரசீக அரசன் வியந்து அந்த ஆயரைக் காண விரும்பினான் என்றும், பேரரசன் இரண்டாம் தெயோதோசியுஸ் அதற்கு இசைந்தான் என்றும் மாத்திரம் சொல்லுகின்றார். 422இல் சமாதானம் செய்யப்பட்டது.

கோவிலே மருத்துவமனை

455இல் வாந்தலரின் அரசன் கென்சரிக் உரோமை நகரை 14 நாட்கள் கொள்ளையிட்டு, ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றிக் கார்த்தேஜுக்குக் கொண்டுசென்றான். அங்கே பங்கு பிரிக்கையில் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளைகள் வேறிடம். வயது முதிர்ந்த ஆயர் தெயோகிராசியாஸ் பொன் வெள்ளிப் பாத்திரங்கள் அனைத்தையும் விற்று, குடும்பங்கள் பிரியாதிருக்கும்படி மீட்டார். மீட்டவர்களை வைத்திருக்க இடமில்லை. நகரின் இரண்டு பெருங் கோவில்களிலே கட்டில்களையும் வைக்கோலையும் பரப்பினார். கடற்பயணத்தாலும் கொடுமையாலும் நோயுற்றோரை இரவும் பகலும் மருத்துவரோடு சுற்றிவந்து, யாருக்கு என்ன உணவு என்று தாமே பார்த்தார். தள்ளாத வயதில் மூன்றே ஆண்டுகள் ஆயராயிருந்து அவர் இறந்தபோதுதான், தாங்கள் பகைவர் கையில் அகப்பட்டதை அம்மக்கள் உணர்ந்தனராம். அவருடைய உடலை மக்கள் அருளிக்கங்களாகப் பிய்த்துக்கொள்ளாதபடி இரகசியமாகவே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

திரும்பி வந்த கணவன்

பொன்னால் தீர்க்க முடியாத துன்பங்களும் இருந்தன. 452இல் அத்திலாவின் ஹூணர் வட இத்தாலியின் அக்குவிலேயா நகரை அழித்துப் பலரைப் பிடித்துச் சென்றனர். காணாமற்போனவர் இறந்தாரோ இருக்கின்றாரோ தெரியாது. தனித்துவிடப்பட்ட மனைவியர் சிலர், கணவன் இறந்துவிட்டான் அல்லது இனித் திரும்பான் என்று நம்பி மறுமணம் செய்தனர். சில ஆண்டுகளில் அந்தக் கணவர்மார் சிலர் வீடு திரும்பினர். வாசலிலே நிற்கின்றான் முதற் கணவன். உள்ளே இருக்கின்றான் இரண்டாமவன். அக்குவிலேயாவின் ஆயர் நிக்கேத்தா என்ன செய்வதென்றறியாது பாப்பரசர் பெரிய சிங்கராயருக்கு எழுதினார்.

458 மார்ச் 21ஆந் திகதியிட்ட பாப்பரசரின் பதில் இன்றும் இருக்கின்றது. முதல் திருமணமே திருமணம். திரும்பி வந்தவன் அவளை ஏற்க விரும்பினால் அவள் அவனிடம் போக வேண்டும். உரோமைச் சட்டம் முறித்துவிட்ட பந்தத்தைத் திருச்சபை முறியாததாகவே கொண்டது. ஆனால் அவளும் இரண்டாவது கணவனும் குற்றவாளிகளாக எண்ணப்படலாகாது. பிறன் மனைவியைக் கவர்ந்தவன் என்று அவனை யாரும் சொல்லக்கூடாது. இரண்டாமவன் மேலுள்ள பற்றினால் முதற் கணவனிடம் திரும்ப மறுப்பவளுக்கோ நற்கருணை ஐக்கியம் இல்லை. இந்தத் தீர்ப்பு எத்தனை வீடுகளில் மகிழ்ச்சியையும் எத்தனை வீடுகளில் கண்ணீரையும் கொண்டுவந்ததோ! அந்த இரண்டாவது வீட்டிலே பிறந்த பிள்ளைகளை நினைக்கும்போது என் பேனா சற்று நிற்கின்றது.

சிறையிலே பசியாலும் பயத்தாலும் விக்கிரகங்களுக்குப் படைத்த உணவை உண்டோரைப் பற்றியும் நிக்கேத்தா கேட்டிருந்தார். அவர்கள் தவம் செய்யட்டும். ஆனால் அதனை ஆண்டுக் கணக்கால் அளக்க வேண்டாம், மனத்துயரால் அளவிடுங்கள் என்பது சிங்கராயரின் முடிவு.

ஆர்ல் நகரத்துத் தூண்கள்

தென் கோலியாவின் ஆர்ல் நகரை 507-508இல் பிராங்கியரும் பூர்குந்தியரும் முற்றுகையிட்டனர். அந்நகர் ஆயர் புனித செசாரியுஸ், தம் சகோதரிக்காக மதிலுக்கு வெளியே ஒரு கன்னியர் மடம் கட்டிக்கொண்டிருந்தார். முற்றுகையிட்டோர் அதன் பலகைகளைப் பிடுங்கி, மேல்மாடியை உடைத்து, தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டனர். பின்னர் கீழைக் கோத்தியரின் படை வந்து முற்றுகையை உடைத்து, பிராங்கியரையும் பூர்குந்தியரையும் பெருந்தொகையாய்ச் சிறைபிடித்து நகருக்குள் கொண்டுவந்தது. கோவில்கள் கைதிகளால் நிரம்பின. மடத்தை உடைத்த கூட்டத்தாருக்குச் செசாரியுஸ் உணவும் உடையும் கொடுத்தார். தமக்கு முன்னிருந்த ஆயர் சேர்த்துவைத்த பணத்தை அவர்களை மீட்கச் செலவிட்டார். அது தீர்ந்ததும் தூபக்கலசம், கிண்ணம், தட்டு எல்லாம் உருகின. அதுவும் போதாதபோது, தூண்களிலும் பீடத்தின் கிராதிகளிலும் பதித்திருந்த வெள்ளியை வெட்டி எடுக்கச் சொன்னார்.

513இல் அரசன் தெயோதோரிக் ராவென்னா நகரில் அவருக்கு 60 இறாத்தல் நிறையுள்ள வெள்ளித் தட்டொன்றையும் 300 பொற்காசுகளையும் பரிசளித்து, தன் நினைவாக அந்தத் தட்டை உபயோகிக்கும்படி கேட்டுக்கொண்டான். மூன்றாம் நாளே அது பகிரங்கச் சந்தையில் விலைபோனது. அந்தப் பணத்தால் மேலும் பலர் வீடு போய்ச் சேர்ந்தனர். செசாரியுஸ் 542இல் இறந்தார். அவருடைய வரலாற்றை அவரோடு வாழ்ந்தவர்களே எழுதினார்கள். தாங்கள் எழுதும் அந்நாளிலும் ஆர்ல் கோவிலின் தூண்களிலே, வெள்ளியை வெட்டி எடுத்த கோடரிகளின் வடுக்கள் தெரிகின்றன என்று அவர்கள் குறித்து வைத்திருக்கின்றார்கள்.